கலை, இலக்கிய அமைப்புகளுக்கு நிதி திரட்டுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிற்றிதழ், பதிப்பகம், நாடகக் குழு, மொழிபெயர்ப்புப் பட்டறை, ஆவணக் காப்பகம் என்று லாப நோக்கமில்லாமல் ஏதோ ஒன்றைத் தொடங்கி, அதை எப்படித் தொடர்ந்து நடத்துவது என்று முழித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் ஒன்றிரண்டு வருடங்கள் கைக்காசிலும் நண்பர்களின் தயவிலும் ஓடிவிடும். அப்புறம் யாராவது ஒருவர், "நல்கைக்கு விண்ணப்பித்துப் பாருங்களேன்" என்பார். நல்கை என்றால் ஒரு வேலைக்காக அறக்கட்டளையோ அரசோ தரும், திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டத்துக்குப் பணம் தர ஆள் உண்டு. வாடகைக்குத் தர ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். விழா, பட்டறை, புத்தக வெளியீடு என்றால் அறக்கட்டளைகள் காது கொடுக்கும். அந்த விழாவை நடத்தும் அலுவலகத்தின் மின்கட்டணம், கணக்கு எழுதுபவரின் சம்பளம் என்றால் பேச்சு மாறும். இந்தத் துறையில் மூடப்பட்ட பல அமைப்புகள், நல்கை கிடைக்காமல் மூடப்பட்டவை அல்ல. நல்கைகளுக்கு நடுவில் மூச்சுத் திணறி மூடப்பட்டவை. கீழே வரும் படிகளை இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்தே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

"நல்ல வேலை செய்தால் டிக்கெட், சந்தா, விற்பனையிலேயே ஓட்டிவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். 1966-இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டார்கள். பீத்தோவன் காலத்தில் நால்வர் இசைப் படைப்பு ஒன்றை வாசிக்க எத்தனை பேர், எவ்வளவு நேரம் தேவைப்பட்டதோ, இன்றும் அதேதான். தொழிற்சாலையில் இயந்திரம் வந்து உற்பத்தி கூடுகிறது, கூடவே சம்பளமும் கூடுகிறது. கலையில் சம்பளம் மட்டும்தான் கூடும். நுழைவுக் கட்டணத்தை அதே வேகத்தில் ஏற்றினால் ஆள் வரமாட்டார்கள். ஆகவே நன்கொடை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; இந்தத் தொழிலின் கணக்கே அப்படித்தான் இருக்கிறது.

படி 1: காகிதத்தில் ஓர் அமைப்பாக இருங்கள்

நிறுவனங்கள் பெரும்பாலும் தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பாது. உங்கள் நாட்டுச் சட்டப்படி அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ, லாப நோக்கற்ற நிறுவனமாகவோ பதிவு செய்ய வேண்டும். அமைப்பின் பெயரில் தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கு ஆகியவை அடிப்படை. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்கும் அங்கீகாரத்தையும் வாங்கிவிடுங்கள். இதற்கெல்லாம் நல்ல ஆடிட்டர் ஒருவர் போதும்.

அறங்காவலர் குழுவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. குழு முழுக்கக் கவிஞர்களாக இருந்தால் கூட்டம் சுவையாக இருக்கும், கணக்கு இருக்காது. பணம், சட்டம் தெரிந்த ஒருவராவது வேண்டும். நிதி திரட்டப் போகும்போது, "உங்கள் அறங்காவலர்கள் எல்லோரும் ஏதாவது கொடுத்திருக்கிறார்களா?" என்று கேட்கும் அறக்கட்டளைகள் உண்டு. தொகை எவ்வளவு என்பது முக்கியமில்லை. எல்லோரும் கொடுத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

பதிவு செய்யும் அளவுக்கு இன்னும் வளரவில்லையா? பல நாடுகளில், ஏற்கெனவே பதிவான அமைப்பு ஒன்று உங்களுக்காகப் பணத்தை வாங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அதற்காக நிதியில் ஒரு சிறு சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் பல சிறு நாடகக் குழுக்கள் இப்படித்தான் ஓடுகின்றன. எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். பணம் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றால் நட்பும் போகும், பணமும் போகும்.

படி 2: உண்மையான செலவைக் கணக்கிடுங்கள்

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். அதனால் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இளம் மொழிபெயர்ப்பாளர்கள் 15 பேருக்கு மூன்று நாள் பட்டறை. வழக்கமாக எழுதப்படும் பட்ஜெட்டில் பயிற்றுநர்களின் மதிப்பூதியம், பயணம், தங்குமிடம், சாப்பாடு, அரங்க வாடகை எல்லாம் இருக்கும். மொத்தம் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது விட்டுப்போனவற்றைப் பாருங்கள். வந்த விண்ணப்பங்களைப் படித்து 15 பேரைத் தேர்ந்தெடுக்க ஒருவர் செலவிட்ட நாட்கள். அத்தனை பேருக்கும் மெயில், போன், நினைவூட்டல். கடைசி நேரத்தில் ரத்தான ரயில் டிக்கெட். பட்டறையில் உருவான மொழிபெயர்ப்புகளைச் செம்மைப்படுத்தும் வேலை. அலுவலக வாடகையில் அந்த மாதப் பங்கு, ஆடிட்டர் கட்டணத்தில் ஒரு பங்கு, வெப்சைட் செலவு. முடிந்தபின் நிதி கொடுத்தவருக்கு அறிக்கை எழுத ஒரு வாரம். இவற்றையெல்லாம் எக்செல்லில் வரிசையாகப் போட்டால் 100 என்பது 135, 140 ஆகிவிடும். நூறு வாங்கி நூற்றி நாற்பதுக்கு வேலை செய்தால் மீதி நாற்பது யார் தலையில்? பெரும்பாலும் சம்பளமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து வேலை செய்யும் செயலாளர் தலையில். இப்படி மூன்று நல்கை சேர்ந்தாற்போல் வாங்கினால், வெளியே "நன்றாக வளர்கிறார்கள்" என்று பேசுவார்கள், உள்ளே ஆள் ஓடிப்போயிருப்பார்.

ஆகவே ஒவ்வொரு பட்ஜெட்டிலும் நிர்வாகச் செலவு என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். அறக்கட்டளை எத்தனை சதவீதம் அனுமதிக்கிறது என்று அதன் விதிமுறையில் பாருங்கள். அமெரிக்க அரசின் நல்கைகளில், அரசோடு தனியாகப் பேசி முடிவு செய்த விகிதம் இல்லாத அமைப்புகள் போட்டுக்கொள்ளக்கூடிய மறைமுகச் செலவு (நிர்வாகச் செலவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) 10 சதவீதமாக இருந்தது. 2024 அக்டோபரில் அதை 15 ஆக உயர்த்தினார்கள். சில அறக்கட்டளைகள் அதைவிடக் குறைவாகத்தான் தரும். அந்த இடத்தில் ஒரு தந்திரம் உண்டு, நேர்மையான தந்திரம்தான்: திட்டத்துக்காக ஒருவர் செலவிடும் நேரத்தை நிர்வாகச் செலவு என்ற பொதுத் தலைப்பில் போடாமல், "ஒருங்கிணைப்பாளர், இரண்டு மாதம், பாதி நேரம்" என்று திட்டச் செலவாகவே காட்டுங்கள். அது திட்டச் செலவுதானே.

தன்னார்வலர்களின் உழைப்பு, இலவசமாகக் கிடைத்த அரங்கு இவற்றையும் மதிப்பிட்டுத் தனிப் பத்தியில் எழுதுங்கள். நீங்களும் இவ்வளவு போடுங்கள் என்று சொல்லும் நிதியாளர்கள் பலர் இதை உங்கள் பங்காக ஏற்றுக்கொள்வார்கள். அமெரிக்காவின் தேசியக் கலை நிதியமான என்.இ.ஏ., அமைப்புகளுக்குத் தரும் நல்கையில் பொதுவாக ஒன்றுக்கு ஒன்று என்று ஈடுத்தொகை கேட்கும்; அதாவது அவர்கள் ஒரு டாலர் தந்தால் நீங்களும் ஒரு டாலர் காட்ட வேண்டும்.

படி 3: நூறு பேரைப் பிடியுங்கள்

பலரும் அறக்கட்டளையிலிருந்து தொடங்கித் தனிநபருக்கு வருகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். காரணம், நிபந்தனையில்லாத பணம் தனிநபர்களிடமிருந்துதான் வரும். வாடகை கட்ட உதவுவது அதுதான்.

1912-இல் சிகாகோவில் ஹாரியட் மன்றோ என்ற கவிஞர் 'பொயட்ரி' என்ற இதழைத் தொடங்கினார். ஒரே ஒரு கோடீஸ்வரரை மட்டும் அவர் நம்பியிருக்கவில்லை. ஊரின் வணிகர்கள், வழக்கறிஞர்கள் என்று ஒவ்வொருவராகச் சந்தித்து, ஆண்டுக்கு 50 டாலர் வீதம் ஐந்து ஆண்டுகளுக்குத் தருவதாக நூறு பேரிடம் உறுதி வாங்கினார். எழுதும் கவிஞர்களுக்குச் சன்மானம் கொடுத்தே இதழை நடத்தினார். இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது "ஐந்து ஆண்டுகளுக்கு" என்பதை. ஒரே தடவை 250 டாலர் வாங்கியிருந்தால் முதல் வருடமே செலவாகியிருக்கும். அடுத்த ஐந்து வருடத்துக்கு என்ன வரும் என்று தெரிந்துகொண்டு இதழ் நடத்துவது வேறு விஷயம்.

அதே இதழுக்கு 2002-இல் நடந்ததும் பிரசித்தம். மருந்து நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ரூத் லில்லி அந்த இதழுக்குக் கவிதைகள் அனுப்பியிருந்தார், ஒன்றும் பிரசுரமாகவில்லை. ஆனால் மறுப்புக் கடிதங்கள் மரியாதையாக வந்தன. அவர் கொடுத்த கொடையின் மதிப்பு சுமார் 10 கோடி டாலர். இப்படி ஒன்று நமக்கும் நடக்கும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. ஆனாலும் படைப்பைத் திருப்பி அனுப்பும்போது இரண்டு வரி எழுதுவதற்கு இது போதுமான காரணம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: ஏற்கெனவே உங்கள் நிகழ்ச்சிக்கு வந்தவர், புத்தகம் வாங்கியவர், பழைய மாணவர் என்று ஒரு பட்டியல் போடுங்கள். மாதச் சந்தாவாகச் சிறு தொகை கேளுங்கள். தொகையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். "உங்களால் முடிந்ததை" என்று கேட்டால் பலர் தயங்கி ஒன்றும் தராமல் போய்விடுவார்கள். பணம் வந்த ஓரிரு நாளுக்குள் ரசீதும், கையால் எழுதிய நன்றியும் போக வேண்டும். ரசீது தாமதமான இடத்துக்கு மறுமுறை பணம் வராது.

சிறு தொகைகளைக் குறைத்து நினைக்காதீர்கள். நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணமில்லாமல் நின்றபோது, 1885-இல் ஜோசப் புலிட்சர் தன் பத்திரிகையில், எவ்வளவு கொடுத்தாலும் பெயரை அச்சிடுவேன் என்று அறிவித்தார். ஐந்து மாதத்தில் 1,20,000-க்கும் மேற்பட்டவர்கள் கொடுத்து ஒரு லட்சம் டாலர் தாண்டியது. பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு.

பெரிய இலக்கு என்றால் வரிசை மாறும். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. முதலில் இரண்டு மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் உலகெங்கும் இருந்து சிறுசிறு தொகைகள் குவிந்தன. தமிழக அரசும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2018-இல் இலக்கை எட்டினார்கள். பொதுவில் அறிவிக்கும் முன்பே பெரிய தொகைகளைப் பேசி முடித்துவிட வேண்டும். பூஜ்யத்தில் நிற்கும் நிதித் திரட்டலில் முதல் ஆளாகச் சேர யாருக்கும் மனசு வராது.

படி 4: யார் எதற்குத் தருகிறார்கள் என்று பாருங்கள்

தனியார் அறக்கட்டளைகள் தங்கள் நோக்கத்துக்குப் பொருந்துவதற்கு மட்டுமே தரும். அமெரிக்காவில் அவை சொத்து மதிப்பில் சுமார் 5 சதவீதத்தை ஆண்டுதோறும் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆகவே கொடுப்பது அவர்களுக்கும் வேலைதான், உங்களுக்குச் செய்யும் தயவு அல்ல. இதைத் தெரிந்துகொண்டு பேசினால் குரலில் கெஞ்சல் வராது.

இலக்கியத்துக்கென்றே இருக்கும் ஒரு வழியைப் பலர் கவனிப்பதில்லை. தங்கள் இலக்கியம் வேறு மொழிகளுக்குப் போக வேண்டும் என்று பல நாடுகள் பணம் ஒதுக்குகின்றன. ஜெர்மனியின் கோதே இன்ஸ்டிட்யூட், நார்வேயின் நோர்லா, கொரியாவின் இலக்கிய மொழிபெயர்ப்பு நிறுவனம் ஆகியவை அந்தந்த நாட்டு நூல்களை மொழிபெயர்த்து வெளியிடும் பதிப்பகங்களுக்கு உதவித்தொகை தருகின்றன. உரிமை வாங்கிய ஒப்பந்தம், மொழிபெயர்ப்பாளருடன் ஒப்பந்தம் இரண்டையும் பொதுவாகக் கேட்பார்கள். சிறு பதிப்பகத்துக்கு முதல் நல்கையாக இதைவிடச் சுலபமானது குறைவு. பழைய சுவடி, பத்திரிகை, புகைப்படம் என்று அழியும் நிலையில் இருக்கும் ஆவணங்களை மின்னாக்கம் செய்வதற்கு, பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் அழியும் நிலை ஆவணத் திட்டம் இருக்கிறது. ஆர்காடியா நிதியம் அதற்குப் பணம் தருகிறது.

கம்பெனிகள் தருவதில் விளம்பரம் கலந்திருக்கும். அதில் தப்பில்லை. பேனரில் எந்த அளவில் பெயர் போடுவது, மேடையில் யார் பேசுவது என்பதை முன்னாடியே எழுதிக்கொண்டால் சரி.

அரசு நிதி பெரியது, ஆனால் அதையே நம்பியிருக்க முடியாது. 2025 மே மாதம் என்.இ.ஏ. ஏற்கெனவே அறிவித்த நல்கைகளில் ஏராளமானவற்றை மெயில் மூலம் ரத்து செய்தது. அதில் சிறு இலக்கியப் பதிப்பகங்களும் இதழ்களும் இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் மெலன் உள்ளிட்ட ஏழு அறக்கட்டளைகள் சேர்ந்து, அமெரிக்க இலக்கிய அமைப்புகளுக்காக ஐந்து ஆண்டுகளில் 5 கோடி டாலர் தரும் நிதியை அறிவித்தன. ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கலாம். ஆனால் நடுவில் ஐந்து மாதச் சம்பளத்தை யாராவது கொடுத்தாக வேண்டும். மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்தால் எனக்கு உறக்கம் வராது.

யாரிடம் வாங்கக் கூடாது என்பதையும் இப்போதே முடிவு செய்து எழுதிவையுங்கள். அடிமையாக்கும் வலிநிவாரண மருந்து பற்றிய வழக்குகளுக்குப் பிறகு, அந்த மருந்து நிறுவனத்தின் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தின் பெயரைப் பாரிஸின் லூவர் 2019-இலும் நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2021-இலும் சுவரிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய இடங்களுக்கே அது சங்கடம் என்றால், செக் கையில் வந்தபின் முடிவெடுப்பது சிறு அமைப்புக்கு இன்னும் சிரமம்.

படி 5: தேடுங்கள், பிறகு போனை எடுங்கள்

ஓர் அறக்கட்டளை தன் வெப்சைட்டில் சொல்வதைவிட, இதுவரை யாருக்குக் கொடுத்தது என்பதே உண்மையைச் சொல்லும். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் வரித்துறைக்குத் தரும் 990-பி.எஃப். படிவம் பொது ஆவணம். யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல் அதில் இருக்கும். பிரிட்டனில் 360கிவிங் என்ற அமைப்பு நடத்தும் கிரான்ட்நாவ் என்ற தளத்தில் இலவசமாகத் தேடலாம். உங்களைப் போன்ற அமைப்புகள் பெற்ற தொகைகளைப் பாருங்கள். அந்த வரம்புக்குள்தான் கேட்க வேண்டும். இன்னொரு குறுக்குவழி: உங்களை ஒத்த அமைப்பின் ஆண்டறிக்கையைத் திறந்து, நன்றி சொல்லும் பக்கத்துக்குப் போங்கள். அங்கே பெயர்கள் வரிசையாக இருக்கும்.

பட்டியல் பத்துக்குள் சுருங்கியதும், விண்ணப்பம் எழுதும் முன், அந்த அறக்கட்டளையில் விண்ணப்பங்களைக் கவனிக்கும் திட்ட அலுவலரிடம் பேசுங்கள். பலருக்கு இங்கேதான் கூச்சம். அவர்களுடைய வேலையே அதுதான். பத்து நிமிடப் பேச்சில் கேட்க வேண்டியவை மூன்று: எங்கள் வேலை உங்கள் இப்போதைய நோக்கத்துக்குப் பொருந்துமா, முதல்முறை விண்ணப்பிப்பவருக்கு வழக்கமாக எவ்வளவு தருகிறீர்கள், நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு இடம் உண்டு? "பொருந்தாது" என்று சொல்லிவிட்டால் மூன்று வார வேலை மிச்சம்.

படி 6: எழுதுங்கள்

தேர்வுக்குழுவில் இருப்பவர் ஒரு கட்டு விண்ணப்பங்களை ஒரே உட்காரலில் படிப்பார். அவர் கண்ணில் இந்த வாக்கியம் படுகிறது: "எங்கள் அமைப்பு இலக்கிய வளர்ச்சிக்கும் சமூக மேம்பாட்டுக்கும் அயராது பாடுபட்டு வருகிறது." இதை எந்த அமைப்பும் எழுதலாம். இப்படிப் போட்டுப் பாருங்கள்: "கடந்த ஆண்டு 12 சிறுகதைகளை மொழிபெயர்த்து வெளியிட்டோம். மொழிபெயர்த்தவர்களில் 7 பேருக்கு அதுதான் முதல் பிரசுரம். இந்த நல்கை கிடைத்தால் 24 கதைகள் வெளியிடுவோம். புதியவர் ஒவ்வொருவருடனும் அனுபவமுள்ள எடிட்டர் ஒருவர் இருப்பார்." இதில் என்ன செய்தீர்கள், யாருக்கு என்ன மாறியது, பணம் வந்தால் என்ன கூடும் என்ற மூன்றும் இருக்கின்றன.

வாசிப்புப் பழக்கமே மறுமலர்ச்சி அடையும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு வருடம் கழித்து அறிக்கையில் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான். எண்ணக்கூடியதை எண்ணுங்கள். எண்ண முடியாததற்குப் பங்கேற்றவரின் சொந்த வார்த்தைகளை, அவர் அனுமதியோடு, இரண்டு வரி சேருங்கள்.

எழுத்தும் பட்ஜெட்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று துறைக்கு வெளியே உள்ள ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்தில் 24 கதை, பட்ஜெட்டில் 20 பேருக்கு மட்டும் சன்மானம் என்றால் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். கடைசி நாள் ராத்திரி இணையதளம் திணறும். ஒரு நாள் முன்னதாக அனுப்பிவிடுங்கள்.

படி 7: முடிவு வந்தபின்

மறுப்பு வந்தால், நன்றி சொல்லி, எங்கே குறைந்தது என்று கேளுங்கள். எல்லோரும் பதில் சொல்லமாட்டார்கள். சொல்பவர் அடுத்த சுற்றுக்கு உங்களைத் தயார் செய்துவிடுவார். முதல் முறையே கிடைப்பது அரிது என்பதால், ஒரே விண்ணப்பத்தை மட்டும் நம்பி ஆண்டுத் திட்டம் போட வேண்டாம்.

கிடைத்தால், ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் முழுக்கப் படியுங்கள். எத்தனை தவணை, எந்தத் தேதியில் அறிக்கை, ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை சதவீதம் மாற்றலாம் என்பதையெல்லாம் நாள்காட்டியில் ஏற்றுங்கள். அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். மொழிபெயர்ப்பு நிதியில் வாடகை கட்டிவிட்டு அப்புறம் ஈடுகட்டலாம் என்ற சபலம் எல்லா அமைப்புக்கும் வரும். தணிக்கையில் அகப்படுவதும் அதுதான். ஏதாவது பிசகினால், பயிற்றுநர் வரவில்லை, தேதி தள்ளிப்போகிறது என்றால், அறிக்கை வரை காத்திருக்காமல் அன்றே மெயில் போடுங்கள். மாற்றத்துக்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

ஒரு திட்டத்தை ஒழுங்காக முடித்துக் காட்டியபின்தான் பொது நிதி, அதாவது குறிப்பிட்ட திட்டத்துக்கு என்றில்லாமல் அமைப்பின் எந்தச் செலவுக்கும் பயன்படும் பணம், கேட்கத் தகுதி வருகிறது. அமெரிக்கக் கொடையாளர் மெக்கன்ஸி ஸ்காட் 2020 முதல் நிபந்தனையில்லாமல் பெரிய தொகைகளைக் கொடுக்கத் தொடங்கியபின், மற்ற அறக்கட்டளைகளிடமும் இதைப் பேசுவது கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. இரண்டாவது அல்லது மூன்றாவது நல்கையின்போது, "இந்த முறை திட்டத்தோடு இரண்டு வருட நிர்வாகச் செலவும் சேர்த்துத் தர முடியுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். படி 2-இல் போட்ட அந்த எக்செல்லைக் கூடவே அனுப்புங்கள்.

மூலதன நிதி, அதன் வட்டியில் காலாகாலத்துக்கும் அமைப்பு நடப்பது என்ற ஆசையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ஆண்டுக்கு 5 சதவீதம் எடுப்பதாக இருந்தால் ஒரு வருடச் செலவைப் போல 20 மடங்கு தொகை வேண்டும். அதற்கு முன், மூன்று மாதச் செலவுக்கான கையிருப்பைத் தனிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். மாதச் சந்தாவில் வருவதில் ஒரு பங்கை அங்கே திருப்பிவிட்டால், அடுத்த தவணை தாமதமாகும் மாதத்தில் சம்பளம் நிற்காது.